மலாக்கா குன்றில் நிற்கும் பயணி: பிரான்சிஸ் சவேரியார்

மலாக்காவுக்குச் சுற்றுலா சென்ற மாணவர்களில் பலர் செயிண்ட் பால் குன்றின் படிகளில் ஏறியிருப்பீர்கள். உச்சியில் கூரை இல்லாத பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் முன்னால் வலது கை இல்லாத வெள்ளைச் சிலை ஒன்று நிற்கிறது. 1952இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் கை, மரம் விழுந்து உடைந்தது என்பார்கள். பலரும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

அந்தச் சிலைக்கு உரியவர் பிரான்சிஸ் சவேரியார். 1545 முதல் 1552 வரை ஐந்து முறை மலாக்காவுக்கு வந்தவர். ஒருமுறை ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கினார். மற்றொரு முறை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த கப்பலை எதிர்பார்த்திருந்த பயணியாகவே இந்நகரில் வாழ்ந்தார்.

இன்று கல்லூரி விடுமுறையில் சமயப் பணிக்காகவோ தொண்டுக்காகவோ வெளிநாட்டு நகரங்களுக்குச் சில வாரங்கள் சென்று வரும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. வந்துபோகிறவரால் ஓர் ஊருக்கு என்ன செய்ய முடியும்? சவேரியாரின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் நவார் என்ற சிறிய அரசு இருந்தது. அங்கே சேவியர் கோட்டையில் 1506 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது நவார் அண்டை நாட்டுப் படையிடம் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் தந்தையும் இறந்தார். குடும்பத்தின் கோட்டை மதில்களும் இடிக்கப்பட்டன. 1525இல் படிப்பதற்காகப் பாரிஸ் சென்றார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்களில் ஒருவர் இஞ்ஞாசியார். பேரும் பதவியும் தேடி வந்த இளைஞரை அந்த நட்பு வேறு பாதைக்குத் திருப்பியது. 1534இல் எழுவர் கூடி எடுத்த உறுதிமொழியிலிருந்து பின்னர் இயேசு சபை பிறந்தது.

கீழ்த்திசை நாடுகளுக்குக் குருமார்களை அனுப்புமாறு போர்ச்சுகல் மன்னர் கேட்டார். செல்ல வேண்டிய ஒருவர் நோயில் விழுந்ததால், அவருக்குப் பதிலாகச் சவேரியார் புறப்பட்டார். 1541இல் தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று லிஸ்பனில் கப்பலேறினார். மொசாம்பிக்கில் பல மாதம் தங்க நேர்ந்ததால், கோவாவை அடைய 13 மாதங்கள் ஆயின.

அங்கிருந்து அவர் அனுப்பப்பட்ட இடம் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கடற்கரை. அங்கே வாழ்ந்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடன் தங்கிக் கற்பிக்க ஆளில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1544இல் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள் கன்னியாகுமரிப் பகுதியில் தஞ்சம் புகுந்தபோது, படகுகளில் உணவு கொண்டு சென்று உதவ முயன்றார். ஏழை மீனவர்களைச் சுரண்டிய போர்ச்சுகீசிய அதிகாரிகளையும் கடிதங்களில் கண்டித்தார்.

1545 செப்டம்பரில் மலாக்காவுக்கு முதல்முறையாக வந்தபோதும் அதே வழிதான். மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தார். மலாக்கா மக்களுக்குப் புரியும் மொழியில் செபங்களைப் பெயர்க்கப் பாடுபட்டார். நூறு நாளுக்குப் பின் அம்போன் தீவுக்குக் கப்பல் கிளம்பியது; அவரும் கிளம்பிவிட்டார்.

1547 டிசம்பரில், மலாக்காவில், அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். கொலைப் பழிக்கு அஞ்சிச் சொந்த ஊரை விட்டு ஓடியவர் அவர். அவர் சொன்ன செய்திகள் சவேரியாரை ஜப்பான் பக்கம் இழுத்தன. 1549 ஆகஸ்டில் அஞ்சிரோவுடன் ககோஷிமாவில் இறங்கினார்.

அங்கே ஒரு பெரும் தவறு நேர்ந்தது. கடவுளைக் குறிக்க அஞ்சிரோ சொல்லித் தந்த சொல் தைனிச்சி. அது ஒரு பௌத்தப் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர். அவர் புத்த சமயத்தின் புதிய பிரிவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார் என்றே கேட்டவர்களில் சிலர் எண்ணினார்கள். இரண்டு ஆண்டு கழிந்த பிறகே சவேரியாருக்கு உண்மை தெரிந்தது. உடனே அந்தச் சொல்லைக் கைவிட்டார்.

இன்னொரு பாடத்தைக் கியோத்தோ நகரம் கற்பித்தது. பேரரசரைப் பார்த்து அனுமதி பெற்றுவிட்டால் நாடு முழுவதும் போதிக்கலாம் என்று நம்பி, 1551 ஜனவரிக் குளிரில் பனியில் நடந்து அங்கே போனார். நகரம் போரால் சிதைந்து கிடந்தது. பேரரசருக்கு அதிகாரமே இல்லை. கிழிந்த உடையில், வெறுங்கையோடு வந்தவரை யாரும் உள்ளே விடவில்லை. பதினோரு நாளில் திரும்பினார்.

தோல்விக்கு ஊரைக் குறை சொல்லாமல் தம் முறையை மாற்றிக்கொண்டார். ஏழ்மைக் கோலம் ஐரோப்பாவில் மதிப்பைப் பெற்றுத் தரலாம், ஜப்பானில் அது கதவை அடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டார். யாமகுச்சியின் ஆட்சியாளரைப் பார்க்க நல்ல உடை உடுத்தி, கடிகாரம் முதலிய பரிசுகளோடும் தூதருக்குரிய கடிதங்களோடும் சென்றார். போதிக்க அனுமதி கிடைத்தது. தங்குவதற்கு ஆளில்லாத பௌத்த மடம் ஒன்றும் கிடைத்தது.

ஜப்பானியர்கள் சீனாவின் அறிவை மதிப்பதைக் கண்ட அவர், அடுத்துச் சீனாவுக்குச் செல்ல முடிவு செய்தார். 1552இல் கடைசி முறையாக மலாக்காவுக்கு வந்தார். சீனாவுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பும் ஏற்பாடு நடந்திருந்தது. ஆனால் வாஸ்கோ ட காமாவின் மகனும் மலாக்காவின் கடற்படைத் தலைவருமான ஆல்வாரோ அதைத் தடுத்துவிட்டார். மனம் நொந்த சவேரியார், தூதுக்குழு இல்லாமலே கப்பலேறினார். குவாங்டோங் கரைக்கு அருகே ஷாங்சுவான் தீவில், தம்மை இரகசியமாக உள்ளே கொண்டுபோவதாகச் சொன்ன வணிகருக்காகக் காத்திருந்தார். அவர் வரவே இல்லை. டிசம்பர் 3ஆம் நாள் காய்ச்சலால் இறந்தார். வயது 46. உடல் 1553 மார்ச்சில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்தக் குன்றின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கம்பிவலை மூடிய அந்தக் குழியை இன்றும் பார்க்கலாம். 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அவரைப் போற்றுகிறவர்கள் பலர். ஆனால் எல்லாமே போற்றத்தக்கதன்று. 1546இல் அம்போனிலிருந்து எழுதிய கடிதத்தில், கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுகல் மன்னரைக் கேட்டவரும் அவர்தான். அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1560இல் அது வந்தது, பலரைத் துன்புறுத்தியது. பிற சமயத்தாரின் நம்பிக்கைகளை அவர் மதித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சவேரியார் எந்த ஊரிலும் நெடுங்காலம் தங்கவில்லை. தங்கியவர்கள் வேறு சிலர். மலாக்காவுக்கு அவர் அனுப்பிய பிரான்சிஸ்கோ பெரெஸ் 1548இல் இங்கே பள்ளி தொடங்கினார். ஜப்பானில் அவர் விட்டுவந்த தோரஸும் பெர்னாண்டஸும் சாகும்வரை அங்கேயே இருந்தார்கள். அவர் நுழைய முடியாத சீனாவில், மத்தேயோ ரிச்சி 1583 முதல் வாழ்ந்து, சீன மொழியில் நூல்கள் எழுதி, 1610இல் பெய்ஜிங்கில் இறந்தார்.

நமக்கு மிக நெருக்கமானவர் என்ரிக்கே என்ரிக்கஸ். சவேரியார் விட்டுச்சென்ற முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்தார். தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல். நாம் இன்று கையில் வைத்திருக்கும் தமிழ் நாளிதழும் அந்த அச்சு வரலாற்றின் தொடர்ச்சிதான்.

வந்துபோகிறவர் வாசலைத் திறக்கலாம். அதற்குக்கூட மொழியைக் கற்கும் பொறுமையும், தவறு தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் பணிவும் வேண்டும். வீட்டைக் கட்டுவது தங்குகிறவர்களும் அந்த ஊர் மக்களும். விடுமுறையில் தொண்டுப் பயணம் புறப்படும் மாணவர்கள், நாம் திரும்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த முறை அந்தக் குன்றில் ஏறும்போது, சிலையைப் பார்த்த கையோடு, தங்கி உழைத்த அந்த மனிதர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.