செங்கோட்டை தந்த குரல்

போன இதழில் வீட்டு வரி ரசீதைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். பயனுள்ள கட்டுரைதான், ஆனால் தூக்கம் வந்துவிட்டது என்று வாக்கிங் வரும் நண்பர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். ஆகவே இந்த முறை நாடக மேடைப் பக்கம் போகலாம்.

ஆலங்குளத்தில் பஸ் ஏறினால் பாவூர்சத்திரம், தென்காசி தாண்டி செங்கோட்டை. குற்றாலம் சீசனுக்கும் பரோட்டாவுக்கும் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். செங்கோட்டை என்றதும் வாஞ்சிநாதன் பெயர் எல்லோருக்கும் நினைவு வரும். அதே ஊரில் பிறந்து, ஒரு காலத்தில் தமிழ்நாட்டையும் இலங்கையையும் தன் குரலால் கட்டிப் போட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யார் அது என்பார்கள். என் பேரனும் அப்படித்தான் கேட்டான்.

1906 ஆகஸ்ட் 25 அன்று கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வரும்படி குறைவு. அந்த நாளில் கௌரவமான குடும்பங்கள் நாடகக்காரனைத் திண்ணையில்கூட உட்கார வைக்காது. அப்படியிருந்தும் அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள் என்றால் வீட்டு நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பின்னாலேயே தம்பியும் போனான். வயது ஐந்தோ ஆறோ. இன்றைக்கு அந்த வயதுப் பிள்ளையை நாம் தெருமுனை வேன் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் பயிற்சி. பெண் வேடமும் பையன்களே போடுவார்கள். மைக் கிடையாது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். அப்படி வளர்ந்த குரல் அது.

1919-ல் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். காட்சி ஜோடனைக்குப் பெயர்போன கம்பெனி அது. அவர்களுடைய தசாவதாரம் நாடகத்தில் கிட்டப்பா பரதனாக வந்து பாடியதைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தியாகராஜர் கீர்த்தனையான எவரனி அவர் பாடித்தான் பாமர ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது. சங்கீத சபா வாசலை மிதிக்காதவர்களும் ஒன்ஸ்மோர் கேட்டு அதைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்களாம். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் மேடையில் இருவருக்கும் போட்டியே நடக்கும்.

1924-ல் கிட்டம்மாளுடன் திருமணம். 1926-ல் இலங்கைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடிக்க ஏற்பாடானது. அவருக்கு வயது பதினெட்டு, இவருக்கு இருபது. வள்ளி திருமணத்தில் இரண்டு பேரும் பாட்டிலேயே எதிரும் புதிருமாக நிற்க, கொட்டகை தாங்கவில்லை. 1927-ல் மாயவரத்தில் அவரை மணந்துகொண்டார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, சொல்லிவிடுகிறேன். வீட்டில் கிட்டம்மாள் இருக்கும்போது நடந்த கல்யாணம் இது. ரசிகர்கள் கிட்டப்பா–சுந்தராம்பாள் ஜோடியைக் கொண்டாடினார்கள். கிட்டம்மாளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. சுந்தராம்பாளுக்கும் நிம்மதி இல்லை. பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கல், பிரிவு, பதில் வராத கடிதங்கள். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. மேடையில் சிங்கம் போல நின்றவர் ஒரு வரி பதிலாவது போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

அரசியலிலும் ஒதுங்கி நிற்கவில்லை. காங்கிரஸ்காரர், கதர் கட்டினார், தேசியப் பாட்டுப் பாடினார்.

ஓய்வே இல்லாத ராத்திரிகள், கூடவே குடிப்பழக்கம். வயிற்று நோய் முற்றியது. 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். வயது 27. கணக்குப் பார்த்தால் அதில் இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் கழிந்தது.

முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வந்துவிட்டது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். அவர் இறந்த மறு வருஷம், 1934-ல், தியாகராஜ பாகவதரின் முதல் படம் பவளக்கொடி வெளிவந்தது. பாடத் தெரிந்த நாடக நடிகர்களுக்கு சினிமா சிவப்புக் கம்பளம் விரித்த நேரம் பார்த்து இவர் இல்லை.

சினிமாவுக்குப் போனது சுந்தராம்பாள்தான். இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை, நகை கிடையாது, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. 1980-ல் இறக்கும் வரை அதை மாற்றவில்லை. 1935-ல் பக்த நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அதற்குச் சுமார் ஐம்பது வருஷம் கழித்து, என் மாதச் சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை! அந்தப் படத்தில் அவர் போட்டது நந்தனார் வேடம், ஆண் வேடம். பிறகு 1953-ல் ஔவையார், 1965-ல் திருவிளையாடல். முருகன் பாட்டு என்றால் அந்தக் குரலைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கிட்டப்பாவின் நடிப்பை இனி நாம் பார்க்க வழியில்லை. இசைத்தட்டுகள் மட்டும் மிச்சம். பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் கொள்ளும். கொட்டகையில் அரை மணி நேரம் பாடியதை அதற்குள் சுருக்கிப் பாடியிருக்கிறார். யூடியூபில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சல்தான் கேட்கும், அணைத்துவிடாதீர்கள். என் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். பாடுவது ஆணா பெண்ணா என்று கேட்டான். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னான்.

நம் நகரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கிராமபோன் தட்டு இருந்தால் பழைய சாமான் வண்டியில் போட்டுவிடாதீர்கள். சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.