சமுத்திரத்தோடு கணக்குப் பார்த்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்

பூந்தமல்லிச் சாலையில் சிறிது நேரம் நின்றால் போதும். ஆளுயரத்தை மிஞ்சிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் சரக்கெல்லாம் கடைசியில் கடலைத்தான் தேடிப் போகிறது. அந்தக் கடலோரத்தில் கப்பல்கள் பயமின்றி நிற்க வழி செய்தவர் ஓர் ஐரிஷ்காரர். கணித மேதை ராமானுஜத்துக்குக் கைகொடுத்த துரை என்று அவரைத் தமிழர்கள் அறிவார்கள். ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை, தண்ணீரின் போக்கை அளந்து அதற்கு ஏற்றபடி கட்டுவதுதான்.

பிரான்ஸிஸ் ஸ்பிரிங் 1849-ல் அயர்லாந்தில் பிறந்தார். டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்துவிட்டு 1870-ல் இந்தியாவில் எஞ்சினீயராக வேலையில் சேர்ந்தார். பாலத்தைக் கட்டி முடித்த பிறகு ஆறு வேறு வழியில் திரும்பிக்கொண்டால் பாலம் பாழ். ஆகவே கரைகளை அமைத்து ஆற்றைப் பாலத்தின் அடியிலேயே ஓடச் செய்யும் முறையைப் பற்றி, 1903-ல் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, 1904-ல், சென்னைத் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆற்றோடு பழகியவருக்கு இப்போது சமுத்திரமே எதிரில் நின்றது.

அந்தச் சமுத்திரம் சாதுவானதல்ல. ஆதியில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகள் அலையில் தத்தளித்தபடி ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்க்கும். 1861-ல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. பிறகு, பார்க்ஸ் என்ற எஞ்சினீயரின் திட்டப்படி, கடலை இரு கைகளால் அணைப்பதுபோல் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. 1875-ல் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-ல் வந்த புயல் சுமார் அரை மைல் நீளச் சுவரைக் குலைத்துப் போட்டது. பாடுபட்டு மறுபடியும் கட்டினார்கள். ஆயினும் துறைமுக வாசல் கிழக்கே பார்த்தபடிதான் இருந்தது. புயலலை வருவதோ அதே கிழக்கிலிருந்து! வீட்டைக் கட்டி, திருடன் வரும் பக்கம் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

அலையின் உயரம் இரட்டித்தால் அதன் சக்தி நான்கு மடங்காகும். அதை நேருக்கு நேர் எதிர்ப்பதைவிட, அது உள்ளே நுழையும் வழியை மாற்றுவதே உசிதம் என்று கண்டார் ஸ்பிரிங். கிழக்கு வாசலை அடைத்தார். வடகிழக்கில் புது வாசல் திறந்து, அதற்கு மறைவாக ஒரு சுவரையும் நீட்டினார். உள்ளே கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கத் துறைகளும், சரக்கு வைக்கக் கிட்டங்கிகளும் உருவாயின. 1911-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது.

அலையைவிட அழுத்தமான எதிரி மணல். நம் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தென்புறத்தில் மணல் சேர்ந்தது. ஒரு காலத்தில் கோட்டைக்கு வெகு சமீபத்தில் அடித்த அலைகள் விலகிப் போயின, மெரினா அகன்றது. ஸ்பிரிங் இந்த மணலின் போக்கை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1913-ல் லண்டன் சிவில் எஞ்சினீயர்கள் சங்க வெளியீட்டில் வந்தது.

ஆனால் தெற்கே தேங்கிய மணல், வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் அல்லவா? ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தார்கள். தெற்கே நகரவாசிக்குக் காற்று வாங்க இடம் கிடைத்தது. வடக்கே அதற்கு விலை கொடுத்தவன் செம்படவன். துறைமுகத்தின் பெருமையைப் பேசும்போது இந்தக் கணக்கையும் மறக்கலாகாது.

1912 மார்ச்சில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜம் குமாஸ்தாவாகச் சேர்ந்தது ஸ்பிரிங்கின் ஆபீசில்தான். நாராயணய்யர் எடுத்துச் சொல்ல, ஸ்பிரிங் அந்த இளைஞரின் அருமையை உணர்ந்தார். அவருக்காகப் பரிந்து பேசினார். 1913-ல் எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளமும், 1914-ல் இங்கிலாந்துப் பயணமும் கைகூடின.

ஸ்பிரிங் கரையையே பரிசோதனைச் சாலையாகக் கொண்டார். இன்று அதே வேலையைத் தொட்டிக்குள் செய்கிறார்கள். சுவரின் நூறில் ஒரு பங்கு மாதிரியைத் தண்ணீரில் வைத்து, பலகையை அசைத்து அலை எழுப்புகிறார்கள். நீளம் நூறில் ஒன்றானால் காலம் பத்தில் ஒன்று. கல்லின் எடை பத்து லட்சத்தில் ஒன்று. இது இங்கிலாந்தின் வில்லியம் புரூட் வகுத்த விதி. கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் அலைத்தொட்டிகள் இருக்கின்றன. தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பூகம்பத்தைப்போல் உலுக்கும் மேடையே உண்டு. அதன்மேல் கட்டிடத்தை ஏற்றி ஆட்டிப் பார்க்கிறார்கள். தொட்டியில் சரிகிற சுவரால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஸ்பிரிங் 1919-ல் பதவியை விட்டார், 1933-ல் காலமானார். அவர் திருப்பி வைத்த வாசல் வழியே கப்பல்கள் வந்து போகின்றன. வடக்கே கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கும் வேலையும் ஓய்ந்தபாடில்லை. கடலோரத்தில் எதைக் கட்டினாலும் அதன் கணக்கை அடுத்த ஊர்க் கரைவரைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.