தையற்காரரின் மகன் அப்துல் ஹமீத்

சிறுபான்மைச் சமூகமொன்றின் நாட்டுப்பற்று சந்தேகிக்கப்படும் போதெல்லாம், அச்சமூகம் தனது மரணித்தோரின் பெயர்களை எடுத்துக்காட்ட நிர்ப்பந்திக்கப்படுகின்றது. இந்திய முஸ்லிம்கள் அவ்வாறு எடுத்துக்காட்டும் பெயர்களில் முதன்மையானது அப்துல் ஹமீத் என்பதாகும். 32 வயதில் போர்க்களத்தில் வீழ்ந்த இந்தக் காலாட்படை வீரரின் வாழ்வு, நமது கிழக்குக் கரையோர மக்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

உத்தரப் பிரதேசத்தின் காஸிப்பூர் மாவட்டத்திலுள்ள தாமுப்பூர் கிராமத்தில் 1933 ஜூலை முதலாம் திகதி அவர் பிறந்தார். தந்தை முஹம்மத் உஸ்மான் ஒரு தையற்காரர். தந்தையின் தொழிலுக்குத் துணையாக இருந்த மகன், 1954 டிசெம்பரில் இராணுவத்தில் சேர்ந்து கிரெனேடியர் படைப்பிரிவின் நான்காவது பட்டாலியனில் இணைக்கப்பட்டார். நாடு பிரிக்கப்பட்டு ஏழாண்டுகளே கடந்திருந்த காலம் அது. எல்லைக்கு இப்பால் தங்கிவிட்ட முஸ்லிம்களின் விசுவாசம் பற்றிய ஐயம் அப்போது அடங்கியிருக்கவில்லை.

1962 இல் சீனாவுடனான யுத்தத்தின் போது வடகிழக்கு எல்லையில் தோல்வியுற்றுப் பின்வாங்கிய படையினருள் ஹமீதும் ஒருவர். மூன்றாண்டுகளின் பின்னர், 1965 செப்டெம்பரில், அதே பட்டாலியன் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தர் கிராமத்தை அண்டி அரண் அமைத்து நின்றது. எதிரே வந்தவை, அக்காலத்தில் வெல்ல முடியாதவை எனக் கருதப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் யுத்த டாங்கிகள்.

கம்பனியின் களஞ்சியப் பொறுப்பாளர் தரத்திலிருந்த ஹமீத், அன்று ஜீப் வண்டியொன்றின் மீது பொருத்தப்பட்டிருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கியைப் பொறுப்பேற்றார். அந்த ஆயுதத்தின் பலமும் பலவீனமும் ஒன்றே. சுடும்போது பின்புறமாகச் சீறும் தீயும் புழுதியும் சுட்ட இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னரும் உடனடியாக இடம் மாற வேண்டும். ஜீப் வண்டிக்கோ கவசம் கிடையாது. பயிர் நிலங்களே மறைவிடம்.

செப்டெம்பர் 10 ஆம் திகதி காலை, சீமா கிராமத்துக்கு முன்னே வந்த முதல் டாங்கியை அவர் தகர்த்தார். இடம் மாறி அடுத்ததையும் எரித்தார். அதற்குள் எதிரி அவரைக் கண்டுகொண்டு குண்டுமழை பொழிந்தான். மற்றுமொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே எறிகணை பட்டு அவர் உயிர் துறந்தார். அவர் அழித்த டாங்கிகளின் தொகையை விருதுப் பாராட்டுரை ஒரு விதமாகவும், பிற்காலத்து நூல்கள் அதனிலும் கூடுதலாகவும் கூறுகின்றன. எண்ணிக்கை எதுவாயினும் அவரது துணிவு மறுக்கப்படவில்லை. இந்தியாவின் அதியுயர் இராணுவ விருதான பரம் வீர் சக்ரா சில தினங்களுக்குள்ளேயே அறிவிக்கப்பட்டது. 1966 ஜனவரி 26 ஆம் திகதி, திருத்தணியில் பிறந்த தமிழகத்துப் புதல்வரான ஜனாதிபதி இராதாகிருஷ்ணனின் கைகளிலிருந்து அதனைப் பெற்றுக்கொண்டவர் அவரது மனைவி ரசூலன் பீபி. ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக விதவையாக வாழ்ந்த அப்பெண்மணி 2019 இல் காலமானார்.

இங்கே ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். ஹமீதின் வேட்டில் எரிந்த டாங்கிகளினுள் இருந்தவர்களும் அதே கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே. யுத்தம் எப்போதும் இத்தகைய கணக்கையே விட்டுச் செல்கின்றது.

இவ்வளவுக்குப் பின்னரும் ஐயம் தீர்ந்ததா? 2025 பெப்ரவரியில் தாமுப்பூர் பாடசாலையின் வாயிலிலிருந்து அவரது பெயர் அகற்றப்பட்டது. குடும்பத்தினர் ஆட்சேபித்து, நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அது மீண்டும் எழுதப்பட்டது.

நமது நாட்டின் நிலையும் இதற்குத் தொலைவானதன்று. 1996 இல் முல்லைத்தீவுச் சமரில் உயிரிழந்து பரம வீர விபூஷண விருது பெற்ற பஸ்லி லாபிர் ஒரு முஸ்லிம். 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தோர் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் வழங்கியவர்கள் அவ்வூர் மக்களே. ஆயினும் அதன் பின்னர் கல்முனைக் கரையோர முஸ்லிம்கள் எதிர்கொண்ட சந்தேகப் பார்வை சொற்பமானதன்று. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை ஏந்தி ஆண்டாண்டு காலமாக வரிசையில் நின்ற தமிழ் மக்களுக்கும் இவ்வனுபவம் புதியதல்ல.

குடியுரிமை பிறப்பினால் வருவது, இறப்பினால் சம்பாதிக்கப்படுவதன்று. அப்துல் ஹமீதை நினைவுகூர்வது அவரது வீரத்துக்காகவே இருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் விசுவாசத்துக்கு அத்தாட்சிப் பத்திரமாக அவரது மரணத்தைக் கேட்பதும் காட்டுவதும் அந்த வீரனுக்குச் செய்யும் மரியாதையாகாது. இரு சமூகங்களும் அருகருகே வாழும் இக்கரையோரத்தில், ஒருவரிடம் மற்றவர் அத்தகைய அத்தாட்சியைக் கோராதிருக்கும் பண்பாவது முதலில் வளர வேண்டும்.