தவளைக்கு உடை தைத்த குருவானவர்

வட இத்தாலியிலுள்ள ஸ்கந்தியானோ என்னும் சிற்றூரில் 1729ஆம் ஆண்டு பிறந்தவர் லாசரோ ஸ்பலன்சானி. வழக்கறிஞரான தந்தையாரின் விருப்பப்படி சட்டம் பயிலப் பொலோஞ்ஞா நகருக்குச் சென்றார். அங்கே பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த லௌரா பாசி அம்மையார் இவருக்கு உறவினர். அவருடைய தூண்டுதலால் இளைஞரின் மனம் இயற்கை ஆராய்ச்சியில் நாட்டங் கொண்டது. பின்னர் குருப்பட்டம் பெற்ற அவர், 1769 முதல் பாவியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார்.

உயிர்கள் எவ்வாறு கருக்கொள்கின்றன என்பது அந்நாளில் பெரும் புதிர். ஆணின் விந்திலிருந்து எழும் ஒருவகை ஆவியே முட்டையை உயிர்ப்பிக்கிறதென்று பலர் நம்பினர். ஸ்பலன்சானி தவளைகளை எடுத்துக்கொண்டார். பெண் தவளை நீரில் முட்டையிடும்போதே ஆண் அதைப் பற்றிக்கொண்டிருக்கும். அந்த ஆண் தவளைகளுக்கு மெழுகு பூசிய பட்டுத்துணியில் இறுக்கமான காற்சட்டை தைத்து அணிவித்தார்! (கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், இவ்யோசனை முன்னரே பிரான்சிய அறிஞர் றெயோமருக்கும் தோன்றியதுதான்.) முட்டைகள் அழுகிப்போயின. காற்சட்டையில் தேங்கிய துளிகளை வேறு முட்டைகளிற் தடவியபோதோ வாற்பேத்தைகள் வெளிவந்தன. முட்டைக்கு மேலே தொடாமல் விந்தை வைத்தும் பார்த்தார். ஆவி மட்டும் பட்ட முட்டைகள் வளரவில்லை. ஆவிக் கொள்கை வீழ்ந்தது.

அடுத்து, அடைத்து வைத்திருந்த ஒரு பெட்டை நாய்க்கு ஊசிக்குழல் மூலம் விந்தைச் செலுத்தினார். அறுபத்திரண்டாம் நாள் அது மூன்று குட்டிகளை ஈன்றது. இன்று மாட்டுப் பண்ணைகளில் நடைபெறும் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு இதுவே முன்னோடி. இவை 1780இல் நூலாக வெளிவந்தன.

ஆனால் இங்கேதான் ஒரு விந்தை. விந்து கலந்த நீரை அவர் பல மடிப்புத் தாள்களில் வடிகட்டினார். வடிந்த நீருக்குச் சக்தியில்லை. தாளிற் தங்கியதைக் கழுவிய நீரோ முட்டைகளைக் கருவுறச் செய்தது. விந்தணுக்களே காரணமென்பது கைக்கெட்டிய உண்மை. அவரோ குஞ்சின் உருவம் முட்டைக்குள்ளேயே முன்னமே அமைந்துள்ளதென்ற கொள்கையை விடாது பற்றி நின்றார். விந்தணுக்கள் வெறும் ஒட்டுண்ணிகளே என்பது அவர் எண்ணம். சோதனைக்கு அஞ்சாத கை, தன் கொள்கையைச் சோதிக்க மறந்தது.

1799 பெப்ரவரியில் பாவியாவில் அவர் காலமானார். 1824இல் பிறெவோ, டியூமா என்னும் இருவர் அதே வடிகட்டும் சோதனையைத் திரும்பச் செய்து, விந்தணுவின்றிக் கருவில்லை என்று கண்டனர். 1876இல் ஜேர்மனியரான ஒஸ்கார் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரு கருக்களும் ஒன்றிணைவதை நுணுக்குக்காட்டியினூடாகக் கண்டதை வெளியிட்டார்.