கரிசல் நிலத்துச் சிறார் ஞானக் கல்வியும் வீரமாமுனிவரும்

முன்னுரை

வீரமாமுனிவரின் தமிழ்ப்பணியைக் காப்பியம், இலக்கணம், அகராதி என்னும் மூன்று நிலைகளில் ஆராய்ந்த நூல்கள் பல. அவர் ஒரு மறைப்பணியாளர் என்பதும், சிறார்க்கும் கல்லாதார்க்கும் சமய அறிவு புகட்டுவது அப்பணியின் அன்றாடக் கடமை என்பதும் அவ்வாய்வுகளில் பின்தங்கி நிற்கின்றன. அவர் தமிழகத்தில் தொடக்க ஆண்டுகளைக் கழித்த காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கரிசல் ஊராகும். அந்நிலத்தின் தேவைகளோடு பொருத்தி, அவருடைய வாழ்வையும் நூல்களையும் சிறார் ஞானக் கல்வி என்னும் நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரை மரபு

தமிழகத் திருச்சபையில் சிறார் கல்வி முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தொடங்கியது. 1542 முதல் 1544 வரை அங்குப் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் செபங்களை மனனம் செய்வித்தார். சிறுவர் அவற்றை வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பித்தனர். பின்னர் வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, தம்பிரான் வணக்கம் (1578), கிரிசித்தியானி வணக்கம் (1579) ஆகியவற்றை அச்சிட்டார். பின்னதன் மூலநூல், மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பார் சிறுவர்க்கென்றே வினாவிடையாகப் போர்த்துகீசிய மொழியில் இயற்றியதாகும்.

கடற்கரை ஊர்கள் நெருங்கி அமைந்தவை. கரிசலில் ஊர்கள் சிதறிக் கிடந்தன. வானம் பார்த்த அப்பூமியில் மழைக்காலத்துச் சேறும் கோடைக்காலத்து வெடிப்பும் பயணத்தை அரிதாக்கின. கன்றுகாலி மேய்ப்பதும் பருத்தி எடுப்பதும் சிறாரின் உழைப்பையும் வேண்டுவன. எனவே, ஒரு குரு பல ஊர்களுக்கும் சென்று நாள்தோறும் சிறாரைக் கூட்டிக் கற்பிப்பது இயலாததாயிற்று. அவ்விடத்தை நிரப்பியவர் வேதியர். இச்சொல் இங்கு அந்தணரைச் சுட்டுவதன்று. ஊரில் தங்கிச் செபம் நடத்தி வேதம் கற்பிக்கும் உபதேசியாரைச் சுட்டுவது.

காமநாயக்கன்பட்டிக் காலம்

கொன்ஸ்தான்சோ யோசேப் பெஸ்கி 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவா வந்தடைந்து, 1711இல் மதுரை மறைத்தளத்துட் புகுந்தார். பரலோக மாதா ஆலயம் விளங்கும் காமநாயக்கன்பட்டி அவருக்குப் பணித்தளமாயிற்று. முப்பது வயதைக் கடந்த அவர் அப்போது தமிழின் அரிச்சுவடி நிலையிலிருந்த மாணாக்கர். தைரியநாதர் என்பது அவர் ஏற்ற பெயர். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது மரபுவழிச் செய்தி.

1714–15 அளவில் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டு, உயிருக்கே இடர் நேர்ந்த நிலையில் விடுவிக்கப்பட்டார். குரு இல்லாத காலத்தில் ஓர் ஊரின் ஞானக் கல்வி வேதியரையே சார்ந்து நிற்கும். அவர் தவறினால் ஒரு தலைமுறைச் சிறாரின் கல்வியும் தவறும். இவ்வுண்மையை முனிவர் நூலறிவாலன்றி நேரிற் கண்டு உணர்ந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

வேதியர் ஒழுக்கம்

பின்னர் ஏலாக்குறிச்சியை நடுவாகக் கொண்டு பணியாற்றிய காலத்தில், 1726இல் தேம்பாவணி நிறைவுற்றது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தங்கள் கொண்ட அக்காப்பியத்தை அடுத்து, 1727இல் அவர் எழுதியது வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல். காப்பியப் புலவர் உடனே உரைநடைக்கு இறங்கி வந்தது கருதத்தக்கது. நூற்பெயரே அதன் நோக்கைப் புலப்படுத்தும். பிறர் ஆன்ம நலத்துக்கு உழைப்பவர் முதலில் தம் ஆன்ம நலத்தைப் பேண வேண்டும் என்பது அதன் அடிப்படை. மனனம் செய்த விடை சிறாரின் நாவில் நிற்கும். கற்பிப்பவரின் நடத்தையே அதனை வாழ்வாக்கும் என்னும் கல்விக் கொள்கையை அதிலிருந்து பெறலாம்.

இக்கொள்கையின் மறுதலையாகப் பரமார்த்த குரு கதையைக் கொள்ளலாம். கொடுந்தமிழ் பயில்வோர்க்கென எழுதப்பட்ட அது, 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் வெளிவந்து, காலப்போக்கில் சிறுவர் கதையாயிற்று. தெளிவற்ற குருவும் அவரை அப்படியே பின்பற்றும் ஐந்து சீடரும் நகைப்புக்கு உரியோராகின்றனர். ஆசான் தெளிவிழந்தால் மாணாக்கர் நிலை யாதாகும் என்பதை அந்நகைப்பு உணர்த்துகிறது.

செவியும் எழுத்தும்

எழுத்தறியாதார்க்குச் செவியே கல்விவாயில். அம்மானை என்பது மகளிர் காய்களை எறிந்து பிடித்து ஆடுகையில் பாடும் பாட்டின் வழிவந்த வடிவம். கித்தேரியம்மாள் அம்மானையில் ஒரு புனிதையின் வரலாற்றை முனிவர் அவ்வடிவிற் பாடினார். தேம்பாவணி புலவர் அவையை நோக்கியது. அம்மானை வீட்டு முற்றத்தை நோக்கியது.

எழுத்து கற்போர்க்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஓலையில் எகர ஒகரக் குறில்களுக்குரிய புள்ளி விடுபடுவதால், எரி என்பதையும் ஏரி என்பதையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியிருந்தது. பொருளறிந்து படிக்கும் புலவர்க்கு இது எளிது. படித்தே பொருளறிய வேண்டிய சிறார்க்கு அரிது. நெடிலை வேறுபடுத்தும் வடிவங்களை முனிவர் வகுத்தது இவ்விடரைக் களைந்தது. தொன்னூல் விளக்கமும் (1730) சதுரகராதியும் (1732) இதே தெளிவு நோக்கின் தொடர்ச்சி எனலாம்.

முடிவுரை

வீரமாமுனிவர் 1747இல் அம்பலக்காட்டில் மறைந்தார். குருவின் வருகை அரிதாகிய கரிசல் ஊர்களில், சிறாரின் ஆன்ம வளர்ச்சி அருகிலிருந்த ஆசானின் வாழ்வைப் பொறுத்திருந்தது. அவ்வாசானைச் செம்மைப்படுத்தியதும், செவிக்கு இனிய வடிவைக் கையாண்டதும், எழுத்தின் மயக்கத்தை நீக்கியதும் முனிவர் அப்பணிக்கு ஆற்றிய மூன்று துணைகள். முதல் இரண்டும் அவர்தம் திருச்சபைக்கு உரியன. மூன்றாவது, சமய எல்லை கடந்து, இன்று தமிழ் எழுதப் பழகும் குழந்தைகள் அனைவருக்கும் உரியதாயிற்று. வேதியர் ஒழுக்கத்தைக் கல்வியியல் நோக்கில் தனியே ஆராய்தல் மேலாய்வுக்கு உரியது.