நிகழ்தகவின் ஆசான் ஜேக்கப் பேர்னூலி

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1654ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தவர் ஜேக்கப் பேர்னூலி. மகன் மதகுருவாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி இறையியல் கற்று 1676இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவரது உள்ளம் கணிதத்தையும் வானியலையுமே நாடியது. தந்தை விரும்பாதபோதும் அவற்றைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தார். ஜெனீவாவில் ஆசிரியராக இருந்தபோது, பார்வையிழந்த ஒரு பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். 1687இல் பாசெல் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார்.

கோடாத தாயக்கட்டை ஒன்றை உருட்டும்போது 4 கிடைப்பதற்கான நிகழ்தகவு 1/6. ஆறு முகங்களும் சமவாய்ப்புடையவை என்பதால் இதை எளிதில் கணிக்கலாம். ஆனால், ஒரு நோயாளி குணமடைவாரா என்பதற்கு எண்ணிப் பார்க்க முகங்கள் இல்லையே! இத்தகைய நிகழ்வுகளில், பலமுறை அவதானித்துப் பெறும் விகிதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விக்கு விடை காண அவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார்.

ஒரு பாத்திரத்தில் 30 வெள்ளைக் கற்களும் 20 கறுப்புக் கற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே இடவேண்டும். வெள்ளைக் கல் கிடைப்பதற்கான நிகழ்தகவு 3/5. பத்து முறை எடுத்தால் வெள்ளை நான்கும் வரலாம், ஒன்பதும் வரலாம். தடவைகள் பெருகப் பெருக விகிதம் 3/5ஐ நெருங்கும். 25,550 தடவைகள் எடுத்தால், அது 29/50க்கும் 31/50க்கும் இடையில் அமையும் வாய்ப்பு, அமையாத வாய்ப்பைப் போல் 1000 மடங்குக்கும் அதிகம் என அவர் நிறுவினார். இதுவே பெரும் எண்களின் விதி.

இவ்விதியைத் தவறாக விளங்கிக்கொள்வோர் பலர். ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தால் ஆறாவது முறை மறுபக்கமே விழும் என நினைக்கின்றனர். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஆறாவது முறையும் நிகழ்தகவு 1/2தான். நெடுநாள் வராத இலக்கம் இன்று வந்தே தீரும் என்று நம்பிக் கைப்பணத்தை இழப்போரின் தவறும் இதுவே.

தம் கண்டுபிடிப்பை மக்களின் அன்றாட வாழ்வுக்கும் பயன்படுத்திக் காட்ட விரும்பிய பேர்னூலி, அப்பகுதியை எழுதி முடிக்குமுன் 1705இல் காலமானார். எட்டு ஆண்டுகளின் பின், 1713இல் அந்நூல் வெளியாகியது. காப்புறுதிக் கட்டணத்தைக் கணிப்பவர்களும் புதிய மருந்தைப் பரிசோதிப்பவர்களும் இன்றுவரை அவ்விதியின் துணையை நாடுகின்றனர்.

மாணவிகளே, ஒரு தாயக்கட்டையைப் பத்து முறை உருட்டி முடிவுகளைக் குறியுங்கள்; பின்னர் இருநூறு முறை உருட்டிப் பாருங்கள். பேர்னூலி சொன்னது உங்கள் கொப்பியிலேயே தெரியும்.