டீப்பெட்டியில் பிறந்த டெலிவிஷன்

எண்ணூர் கடற்கரை. பொழுது சாய்ந்துவிட்டது. வலையை உலர்த்திவிட்டு ஒரு மீனவர் வீடு திரும்புகிறார்.

வீட்டில் டெலிவிஷன் ஓடுகிறது. எங்கோ கடல் கடந்த நாட்டில் குத்துச்சண்டை நடக்கிறது. வீரனின் நெற்றியில் வழியும் வியர்வைத் துளி கூடப் பளிச்சென்று தெரிகிறது!

சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகத் தயக்கம் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சண்டை முழுவதும் பதிவாகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வடசென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை புதிது அல்ல. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை அது ரத்தத்தில் ஊறிய விளையாட்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று அணி பிரிந்து மோதிய காலம் உண்டு. 1980-ம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். அப்போது முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அதை நேரில் கண்டு களித்தார்.

ஆனால் முன்பெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்தான் சண்டையைப் பார்க்க முடியும். மற்றவர்களுக்குச் செவிவழிச் செய்திதான். அந்த நிலையை மாற்ற, தன் உடலையும் பொருளையும் அழித்துக்கொண்டு பாடுபட்டார் ஒருவர்.

அவர் பெயர் ஜான் லோகி பெயர்டு.

பாதிரியார் மகன்

ஸ்காட்லாந்து நாட்டில் ஹெலன்ஸ்பரோ என்பது கடலோரத்துச் சிற்றூர். அங்கே 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி பெயர்டு பிறந்தார். தந்தை பாதிரியார். வீட்டில் நான்கு குழந்தைகள். பெயர்டுதான் கடைக்குட்டி.

குழந்தைப் பருவத்திலேயே நோஞ்சான். அடிக்கடி ஜலதோஷம், காய்ச்சல். படுத்தால் வாரக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார். ஆனால் மூளை சும்மா இருக்காது.

சிறுவனாக இருந்தபோதே தன் வீட்டுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் டெலிபோன் கம்பி இழுத்தார். அந்தக் கம்பி தெருவின் குறுக்கே போயிற்று. ஒரு நாள் இரவு காற்றில் கம்பி தொய்ந்தது. அந்த வழியாக வந்த குதிரை வண்டிக்காரரை அது இழுத்துக் கீழே தள்ளிவிட்டது! அதோடு டெலிபோன் முடிந்தது. சிறுவன் சளைக்கவில்லை. அடுத்து, தன் வீட்டுக்குத் தானே மின்சார விளக்குப் போட்டான்.

வைர ஆசை

பெயர்டு கிளாஸ்கோ நகரில் என்ஜினீயரிங் படித்தார். முதல் உலகப் போர் வந்தது. படிப்பு பாதியில் நின்றது. பட்டாளத்தில் சேரப் போனார். உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. கரியிலிருந்து வைரம் செய்ய வேண்டும்!

கரித்துண்டைச் சிமெண்டுக்குள் புதைத்தார். அதன் வழியே பலமான மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. நகரத்தின் ஒரு பகுதியில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது! மேலதிகாரிகள் சினந்தார்கள். பிறகு பெயர்டு அந்த வேலையை விட்டு விலகினார்.

அடுத்து வியாபாரம். எப்போதும் கால் சில்லிட்டுப் போகிறவர் அவர். எனவே குளிருக்கு அடக்கமான ஒரு காலுறையைச் செய்து விற்றார். நல்ல லாபம். அந்தப் பணத்தோடு வெப்ப நாடான டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார். ஜாமைத் தேடி மனிதர்கள் வரவில்லை. பூச்சிகள்தான் படையெடுத்து வந்தன! காய்ச்சலோடு ஊர் திரும்பினார். தேன் விற்றார். சோப்பு விற்றார். எதுவும் நிலைக்கவில்லை.

1923-ம் ஆண்டு. வயது 34. கையில் காசு இல்லை. உடம்பில் தெம்பு இல்லை. கடற்காற்று வாங்கினால் உடம்பு தேறும் என்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

ஊசியும் அரக்கும்

கம்பி இல்லாமல் குரலை அனுப்பும் ரேடியோ அப்போது வந்துவிட்டது. உருவத்தையும் அப்படி அனுப்பினால் என்ன? இந்தக் கேள்வி பெயர்டைப் பிடித்துக்கொண்டது.

ஆராய்ச்சி செய்யப் பணம் வேண்டும். பணம் ஏது? பழைய டீப்பெட்டி ஒன்றை எடுத்தார். அதன்மேல் மோட்டாரைப் பொருத்தினார். தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டியை வெட்டி வட்டத் தட்டு செய்தார். துணி தைக்கும் ஊசிகளை அச்சாக வைத்தார். சைக்கிள் விளக்குக் கண்ணாடிகளை வாங்கி வந்தார். அரக்கையும் பசையையும் கொண்டு எல்லாவற்றையும் ஒட்டினார்.

அந்த வட்டத் தட்டில்தான் சூட்சுமம். நிப்கோ என்ற ஜெர்மானியர் 1884-ம் ஆண்டிலேயே சொன்ன யோசனை அது. தட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் முந்திய துளையைவிடச் சற்று உள்ளே தள்ளி இருக்கும். தட்டு வேகமாகச் சுழலும்போது, ஒவ்வொரு துளையும் உருவத்தின் ஒரு கீற்றை மட்டும் காட்டும். அந்த ஒளியை மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டும். மறுமுனையில் மின்சாரத்தை மீண்டும் ஒளியாக்கி, அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தட்டின் வழியே பார்க்க வேண்டும். கீற்றுகள் ஒன்றுசேர்ந்து உருவம் தெரியும்.

1924-ம் ஆண்டில் ஒரு சிலுவையின் நிழல் சில அடி தூரம் தாண்டித் தெரிந்தது. நிழல்தான். ஆனால் பெயர்டு துள்ளிக் குதித்தார்.

அதே ஆண்டு ஜூலையில் விபத்து. ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்தது. கை வெந்தது. உயிர் தப்பியதே பெரிது. வீட்டுக்காரர் பயந்துபோய் அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பொம்மையும் பையனும்

பெயர்டு லண்டன் மாநகருக்குப் போனார். பிரித் தெருவில் ஒரு மேல்மாடி அறை. அங்கே மீண்டும் முயற்சி.

மனிதர் யாரையும் கருவியின் முன் உட்கார வைக்க முடியவில்லை. விளக்கின் வெப்பம் அப்படி. எனவே ஒரு பொம்மைத் தலையை வைத்துப் பழகினார்.

1925-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. அதுவரை வெறும் நிழலாகத் தெரிந்த பொம்மை, அன்று கண்ணும் மூக்கும் வாயுமாகத் தெரிந்தது! பெயர்டு தலைகால் தெரியாமல் மாடிப்படியில் இறங்கி ஓடினார். கீழே ஓர் அலுவலகம். அங்கே டெயிண்டன் என்ற 20 வயதுப் பையன் வேலை பார்த்தான். அவனை இழுத்து வந்து கருவியின் முன் உட்கார வைத்தார்.

சூடு தாங்காமல் பையன் நகர்ந்துவிட்டான். படம் மறைந்துவிட்டது. அவன் கையில் இரண்டரை ஷில்லிங்கைத் திணித்து, மறுபடியும் உட்காரச் செய்தார். முகம் தெரிந்தது! இப்படி டெலிவிஷனில் முகம் தெரிந்த முதல் மனிதன், ஓர் ஆபீஸ் பையன்.

1926-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அறிஞர்கள் சுமார் 40 பேர் அந்த மாடி அறைக்கு வந்து பார்த்தார்கள். உலகம் பெயர்டை அறிந்தது. அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு டெலிபோன் கம்பி வழியே படம் போயிற்று. தூரம் 438 மைல். 1928-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கே போயிற்று. அதே ஆண்டில் வண்ணப் படமும் காட்டினார்.

இசைத்தட்டில் படம்

பெயர்டின் படத்தில் 30 கோடுகள்தான் இருந்தன. அதனால் படம் மங்கல். ஆனால் அதிலும் ஒரு வசதி இருந்தது. கோடுகள் குறைவு என்பதால், படத்தைச் சுமந்து வரும் மின்சாரத்தை ஒலியைப்போலவே இசைத்தட்டில் செதுக்கிவிடலாம்.

1927-ம் ஆண்டில் பெயர்டு அதைச் செய்தார். பொம்மைத் தலையின் படத்தைத் தட்டில் பதித்தார். ஆனால் தட்டிலிருந்து தெளிவான படத்தைத் திரும்ப எடுக்க அவரால் முடியவில்லை. அந்தத் தட்டுகள் மூலையில் கிடந்தன.

1929-ல் பி.பி.சி. வழியாகப் பெயர்டின் டெலிவிஷன் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 1933 ஆகஸ்டு 22-ந் தேதி பி.பி.சி. நிலையத்துக்குள்ளேயே ஆர்ச்சி செக்ஸ்டன், லாரி ரைட்டேரி ஆகிய இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் மோதினார்கள். உள்ளங்கையில் அடங்கும் படத்தில், வீட்டில் இருந்தபடியே மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் பெயர் தெரியாத ஓர் ஆர்வலர் தன் வீட்டில் இருந்தபடியே ஒரு நடன நிகழ்ச்சியை அலுமினியத் தட்டில் பதிவு செய்து வைத்தார். வீட்டில் டெலிவிஷனைப் பதிவு செய்யும் பழக்கத்துக்கு அவரே முன்னோடி.

தோல்வி

1931-ல் பெயர்டுக்குத் திருமணம் நடந்தது. மனைவி மார்கரெட் பியானோ கலைஞர். ஒரு மகள், ஒரு மகன் பிறந்தார்கள். வாழ்க்கை மலர்ந்தது.

ஆனால் போட்டி வந்தது. மார்க்கோனி - ஈ.எம்.ஐ. என்ற பெரிய கம்பெனி, சுழலும் தட்டே இல்லாமல், முழுக்க மின்னணு முறையில் படம் பிடிக்கும் கருவியைக் கொண்டு வந்தது.

1936 நவம்பர் 2-ந் தேதி பி.பி.சி. இரண்டு முறைகளையும் சோதிக்கத் தொடங்கியது. ஒரு வாரம் பெயர்டின் முறை. மறு வாரம் ஈ.எம்.ஐ. முறை. குறைந்தது 240 கோடுகள் இருந்தால்தான் அன்று அது துல்லியமான படம். பெயர்டு கொடுத்தது 240. ஈ.எம்.ஐ. கொடுத்தது 405!

பெயர்டின் காமிரா இடம் விட்டு இடம் நகராது. காட்சியைப் பிலிமில் பிடித்து, உடனே கழுவி, ஈரத்தோடு ஓட்ட வேண்டும். ஈ.எம்.ஐ. காமிராவோ இஷ்டம்போல் நகர்ந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே நவம்பர் 30-ந் தேதி லண்டன் கிரிஸ்டல் மாளிகை தீப்பிடித்து எரிந்தது. பெயர்டின் ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் இருந்தது. உழைப்பெல்லாம் சாம்பலாயிற்று.

1937 பிப்ரவரியில் முடிவு வந்தது. பெயர்டின் முறை கைவிடப்பட்டது. டெலிவிஷனை உலகுக்கு முதலில் காட்டியவர், டெலிவிஷன் நிலையத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்!

வெற்றி இரவு

விழுந்தவர் எழுந்தார். வீட்டுப் பெட்டி இல்லாவிட்டால் என்ன? சினிமாக் கொட்டகை இருக்கிறதே! பெரிய திரையில் டெலிவிஷன் காட்டும் கருவியில் இறங்கினார்.

1939 பிப்ரவரி 23-ந் தேதி. லண்டன் ஹாரிங்கே அரங்கில் எரிக் பூன், ஆர்தர் டனஹார் என்ற இரு இளைஞர்கள் பிரிட்டிஷ் லைட்வெயிட் பட்டத்துக்காக மோதினார்கள். அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் சினிமாக் கொட்டகைகளில் பணம் கட்டி உட்கார்ந்தார்கள். பெயர்டு கம்பெனியின் கருவிகள் திரை முழுவதும் சண்டையைக் காட்டின.

அரங்கில் விழுந்த குத்து, அதே நொடியில் திரையிலும் விழுந்தது. 14-வது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். பூன் வென்றார். கொட்டகையில் ஆரவாரம்! பெயர்டுக்கும் அது வெற்றி இரவுதான்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. டெலிவிஷன் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. கம்பெனி முழுகியது. சம்பளம் நின்றது.

சொந்தக் காசில்

வேறு ஒருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். லண்டனில் குண்டு மழை பொழிந்தது. பெயர்டு தன் வீட்டையொட்டிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார். ஒரு சில உதவியாளர்கள்தான். செலவு முழுவதும் சொந்தச் சேமிப்பிலிருந்து. மனைவி மக்கள் தொலைவில் பாதுகாப்பான ஊரில் இருந்தார்கள்.

1944 ஆகஸ்டு 16-ந் தேதி, முழுக்க மின்னணு முறையில் இயங்கும் வண்ணப் படக்குழாயைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். எந்த மின்னணு முறை அவரை வீழ்த்தியதோ, அதே முறையில் எல்லோரையும் முந்திக்கொண்டார். போர் முடிந்ததும் ஆயிரம் கோடுகள் கொண்ட வண்ண டெலிவிஷன் வேண்டும் என்று வாதாடினார். அரசாங்கம் நியமித்த குழுவும் அந்த வழியே சிபாரிசு செய்தது. ஆனால் நடக்கவில்லை. பிரிட்டனில் பழைய 405 கோடுகளே மறுபடி வந்தன. 1985-ம் ஆண்டு வரை அவை முற்றிலும் மறையவில்லை.

1946 பிப்ரவரியில் பெயர்டுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு ஏற்பட்டது. ஜூன் 7-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷன் மீண்டும் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 14-ந் தேதி பெக்ஸ்ஹில் என்ற கடலோர ஊரில் பெயர்டு கண்ணை மூடினார். வயது 57.

அவர் இறந்த ஐந்தாம் நாள், நியூயார்க்கில் ஜோ லூயியும் பில்லி கானும் மோதினார்கள். உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டி ஒன்று டெலிவிஷனில் வந்தது அதுவே முதல் தடவை!

மீண்டும் தெரிந்த முகம்

இந்தியாவில் 1959 செப்டம்பர் 15-ந் தேதி டெல்லியில் டெலிவிஷன் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' படம் 2021-ல் கொட்டகைக்குப் போகாமல் நேரே வீட்டுத் திரைக்கே வந்தது. இன்றைய துல்லியப் படத்தில் 1,080 கோடுகள் இருக்கின்றன. பெயர்டு கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

அவர் மூலையில் போட்ட இசைத்தட்டுகள் என்ன ஆயின?

அவற்றில் சில அழியாமல் தப்பின. 1980-களில் டொனால்டு மக்லீன் என்ற என்ஜினீயர் அவற்றைத் தேடி எடுத்தார். கம்ப்யூட்டரின் துணையால் குறைகளை நீக்கினார். 1927-ல் பதித்த பொம்மை முகம் திரையில் அசைந்தது!

பெயர்டு பதித்து வைத்தார். பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. எண்ணூர் வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.